மார்க்கஸ் புரூட்டஸ்: நண்பரைக் கொன்ற நேர்மையாளர்

('யூலியஸ் சீசர்' நாடகத்தைக் கற்கத் தொடங்கும் மாணவர்களுக்கான வாழ்க்கை வரலாற்றுக் குறிப்பு)



சேக்ஸ்பியரின் 'யூலியஸ் சீசர்' நாடகத்தை முதன்முறை வாசிப்பவருக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. நாடகம் ஐந்து அங்கங்களைக் கொண்டது. ஆனால் மூன்றாம் அங்கத்தின் முதலாவது காட்சியிலேயே சீசர் கொல்லப்பட்டுவிடுகின்றார். அதன் பின்னரும் நாடகம் நீள்கின்றது. அவ்வாறாயின் இது யாருடைய துன்பியல் நாடகம்?

இது மார்க்கஸ் புரூட்டஸின் துன்பியல் நாடகம் என்பதே பெரும்பாலான விமர்சகர்களின் கருத்து. தொடக்கம் முதல் இறுதி வரை நம் கண்முன் நின்று, சிந்தித்து, கலங்கி, முடிவெடுத்து, அம்முடிவினாலேயே அழிபவர் அவரே. புரூட்டஸ் என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்குத் துரோகி என்ற சொல்லே நினைவுக்கு வரும். பரீட்சை விடைத்தாள்களிலும் பலர் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திவிடுகின்றனர். அவ்வாறு நிறுத்தினால் நாடகத்தின் மையமான வினாவே விடுபட்டுப் போகும். தீயவன் ஒருவன் துரோகம் செய்வதில் வியப்பில்லை. ஊரே மதித்த நேர்மையாளர் ஒருவர், தம்மீது அன்பு வைத்திருந்த மனிதரை ஏன் கத்தியால் குத்தினார்? அதனால் அவர் விரும்பியது கிடைத்ததா? இவ்விரு வினாக்களையும் மனத்தில் இருத்திக்கொண்டு அவருடைய வாழ்க்கையைப் பார்ப்போம்.

1. அரசனை வெறுத்த நகரம்

புரூட்டஸை விளங்கிக்கொள்வதற்கு உரோமருடைய அரசியலைச் சிறிது அறிந்திருத்தல் வேண்டும். ஆரம்பத்தில் உரோம் நகரை மன்னர்களே ஆண்டனர். இறுதி மன்னனாகிய தார்க்குவின் கொடுங்கோலனாக விளங்கியதால், கி.மு. 509 இல் அவன் துரத்தப்பட்டுக் குடியரசு நிறுவப்பட்டது என்பது உரோமர் மரபு. அதன் பின்னர் ஆட்சி அதிகாரம் 'கொன்சல்' எனப்பட்ட இருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்களின் பதவிக்காலம் ஓராண்டு மட்டுமே. ஒருவர் எடுக்கும் முடிவை மற்றவர் தடுக்கவும் முடியும். செல்வாக்கு மிக்க குடும்பத்தினர் அங்கம் வகித்த செனற் சபை அவர்களுக்கு ஆலோசனை வழங்கியது. ஒரே மனிதரின் கையில் அதிகாரம் தங்கிவிடக் கூடாது என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கமாகும். அரசன் என்ற சொல்லே உரோமருக்கு ஒரு வசைச்சொல் போலாயிற்று.

ஆயினும் கி.மு. முதலாம் நூற்றாண்டில் இக்குடியரசு ஆட்டங்காணத் தொடங்கியது. உரோமரின் ஆட்சி கடல் கடந்து விரிந்திருந்தது. படைவீரர்கள் செனற் சபையை விட, தமக்குக் கொள்ளைப்பொருளும் நிலமும் பெற்றுத்தரும் தளபதிகளுக்கே விசுவாசமாக இருந்தனர். தளபதிகள் தமக்குள் மோதிக்கொண்டனர். கி.மு. 88 இல் சுல்லா என்ற தளபதி தம் படையுடன் உரோம் நகருக்குள்ளேயே நுழைந்தார். சில ஆண்டுகளின் பின் அவர் சர்வாதிகாரியாகவும் ஆனார். இந்தக் கொந்தளிப்பான காலத்திலேயே புரூட்டஸ் பிறந்தார்.

2. பிறப்பும் குடும்பப் பெருமையும்

மார்க்கஸ் யூனியஸ் புரூட்டஸ் ஏறத்தாழ கி.மு. 85 இல் பிறந்தார். தாயார் சேர்விலியா, அறிவும் அரசியற் செல்வாக்கும் மிக்கவர். தந்தையாரின் பெயரும் மார்க்கஸ் புரூட்டஸ் என்பதே. கி.மு. 77 இல் நடந்த ஓர் உள்நாட்டுக் கலகத்தில் தந்தையார் சரணடைந்தார். அதன் பின்னரும் தளபதி பொம்பியின் கட்டளைப்படி அவர் கொல்லப்பட்டார். அப்போது புரூட்டஸ் சிறு பிள்ளை. தாயாரின் சகோதரரான கேற்றோ, நேர்மைக்கும் பிடிவாதத்துக்கும் பெயர் பெற்றவர். இந்த மாமனாரையே புரூட்டஸ் தமது முன்மாதிரியாகக் கொண்டார்.

யூலியஸ் சீசர் சேர்விலியாவுக்கு மிக நெருக்கமானவர். அதனால் புரூட்டஸ் மீதும் சீசர் இளமை முதலே பாசம் காட்டி வந்தார். சீசர் பிறந்தது கி.மு. 100 இல். எனவே இருவருக்கும் இடையில் ஏறத்தாழ பதினைந்து வயது வித்தியாசம் இருந்தது.

புரூட்டஸின் வாழ்வைத் தீர்மானித்த இன்னொரு விடயம் அவருடைய குலப்பெயர். தார்க்குவின் மன்னனைத் துரத்திக் குடியரசை அமைத்தவர் என்று போற்றப்பட்ட லூசியஸ் புரூட்டஸ் தமது மூதாதை என அவருடைய குடும்பத்தினர் கூறிவந்தனர். தம் புதல்வர்கள் மன்னனை மீண்டும் அழைத்துவரச் சதி செய்தபோது, அவர்களுக்கே மரண தண்டனை விதித்தவர் அந்த மூதாதை. கி.மு. 54 ஆம் ஆண்டளவில் நாணயம் அச்சிடும் பொறுப்பு இளம் புரூட்டஸிடம் வந்தது. அவர் வெளியிட்ட நாணயங்களில் சுதந்திர தேவதையின் முகமும் அந்த மூதாதையின் உருவமும் பொறிக்கப்பட்டன. சீசரைக் கொல்வதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் குலப்பெருமை அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்திருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

3. கல்வியும் ஒரு கறையும்

புரூட்டஸ் ஏதென்ஸ் நகரில் மெய்யியல் கற்றார். பிளேட்டோவின் வழிவந்த சிந்தனைகளில் அவருக்கு ஈடுபாடு அதிகம். அறத்தைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். அது இன்று நமக்குக் கிடைக்கவில்லை. போர்க்களத்திலும் இரவில் வாசிப்பவர் என்று அவரைப் பற்றிக் கூறுவர். நாடகத்திலும் பிலிப்பிப் போருக்கு முன்னர் ஓர் இரவில் அவர் கையில் ஒரு புத்தகம் இருப்பதைக் கவனியுங்கள்.

ஆனால் அவர் குற்றமற்ற மனிதர் அல்லர். கி.மு. 58 இல் கேற்றோவுடன் சைப்பிரஸ் தீவுக்குச் சென்ற அவர், அங்குள்ள சலமிஸ் நகருக்கு முகவர்கள் மூலம் பணம் கடனாகக் கொடுத்தார். வட்டி ஆண்டுக்கு 48 வீதம். அப்பகுதியில் பின்னர் ஆளுநராக இருந்த சிசெரோ 12 வீதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை என அறிவித்திருந்தார். அவ்வளவு உயர்ந்த வட்டிக்குப் பின்னால் இருந்தவர் புரூட்டஸே என அறிந்தபோது சிசெரோ அதிர்ச்சியடைந்தார். நாடகத்தின் நான்காம் அங்கத்தில் இலஞ்சம் வாங்கியதாகக் கசியஸைக் கண்டிக்கும் புரூட்டஸ், அதே வேளையில் படைவீரருக்குக் கொடுக்கப் பணம் தரவில்லை என்றும் அவருடன் சண்டையிடுகின்றார். இம்முரண்பாட்டை இந்த வரலாற்றுச் செய்தியுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

4. தந்தையைக் கொன்றவரின் பக்கத்தில்

கோல் எனப்பட்ட இன்றைய பிரான்ஸ் பகுதியை எட்டு ஆண்டுகள் போரிட்டு வென்ற சீசர், கி.மு. 49 இல் ரூபிக்கொன் ஆற்றைக் கடந்து படையுடன் இத்தாலிக்குள் நுழைந்தார். செனற் சபையின் பக்கம் நின்று சீசரை எதிர்க்கப் புறப்பட்டவர் பொம்பி. புரூட்டஸ் யார் பக்கம் சேர்வார்? ஒருபுறம் தம்மீது பாசம் காட்டிய சீசர்; மறுபுறம் தம் தந்தையைக் கொல்வித்த பொம்பி. அதுவரை பொம்பியுடன் பேசுவதையே தவிர்த்து வந்த புரூட்டஸ், குடியரசைக் காப்பவர் பொம்பியே என்று கருதி அவருடைய பாசறைக்குச் சென்றார். சொந்த உறவையும் பகையையும் ஒதுக்கிவிட்டுக் கொள்கைக்காக முடிவெடுக்கும் இயல்பு அவரிடம் இருந்ததை இதிலிருந்து அறியலாம். பின்னர் சீசரைக் கொல்லத் துணிந்ததும் இதே இயல்பினால்தான்.

கி.மு. 48 இல் கிரேக்க நாட்டின் பார்சாலஸ் என்ற இடத்தில் பொம்பி தோற்றார். போருக்கு முன்னரே, புரூட்டஸுக்கு எவ்விதத் தீங்கும் செய்யக் கூடாது எனச் சீசர் தம் அதிகாரிகளுக்குக் கட்டளையிட்டிருந்தார். போர் முடிந்ததும் அவரை மன்னித்துத் தம்முடன் சேர்த்துக்கொண்டார். கி.மு. 46 இல் வட இத்தாலியப் பகுதியின் ஆளுநர் பதவியை வழங்கினார். கி.மு. 44 இல் நகரின் தலைமை நீதிப் பதவியும் புரூட்டஸுக்கே கிடைத்தது. அதே பதவிக்குப் போட்டியிட்டவர் கசியஸ். அவர் புரூட்டஸின் சகோதரியை மணந்தவர். அவரும் சீசரால் மன்னிக்கப்பட்டவரே.

இதற்கிடையில் சீசரின் மன்னிப்பை ஏற்க மறுத்த கேற்றோ, கி.மு. 46 இல் வட ஆபிரிக்காவில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டில் புரூட்டஸ் கேற்றோவின் மகளான போர்ஷியாவைத் திருமணம் செய்தார். சீசர் கொடுத்த பதவியில் இருந்துகொண்டே, சீசருக்குத் தலைவணங்காமல் இறந்தவரின் வீட்டில் அவர் மருமகனானார். அவருடைய மனப் போராட்டத்தை விளக்க இந்த ஒரு நிகழ்ச்சியே போதும்.

5. சீசரின் உயர்வு

சீசர் திறமை மிக்க ஆட்சியாளர் என்பதில் ஐயமில்லை. குழப்பமாக இருந்த நாட்காட்டியைத் திருத்தினார். படைவீரருக்கும் ஏழைகளுக்கும் நிலம் வழங்கினார். ஆகவே பொதுமக்கள் அவரை விரும்பினர். ஆனால் பதவிகள் யாவும் அவர் கையில் குவிந்தன. கி.மு. 44 இன் தொடக்கத்தில் அவர் வாழ்நாள் முழுவதற்குமான சர்வாதிகாரி ஆக்கப்பட்டார். உயிரோடிருக்கும் போதே அவருடைய முகம் உரோம நாணயங்களில் இடம்பெற்றது. அவ்வாண்டு பெப்ரவரி 15 ஆம் திகதி நடந்த லூப்பர்க்காலியா விழாவில் மார்க் அன்ரனி அவருக்கு முடி சூட்ட முனைந்தார், சீசர் மறுத்தார். அவர் மனமார மறுத்தாரா, மக்களின் மனநிலையை அறிவதற்காக அப்படி ஒரு நாடகம் ஆடினாரா என்பதில் அன்றே கருத்து வேறுபாடு இருந்தது.

6. சதியில் சேர்தல்

சீசரைக் கொல்லும் எண்ணத்தில் முன்னின்றவர் கசியஸ். ஆயினும் புரூட்டஸ் சேராவிட்டால் அச்செயல் வெறும் பொறாமைக் கொலையாகவே தோன்றும் என்பதைச் சதிகாரர் உணர்ந்திருந்தனர். அவருடைய நல்ல பெயர் அவர்களுக்குத் தேவைப்பட்டது. மூதாதையின் சிலையிலும் புரூட்டஸின் நீதி ஆசனத்திலும், அவர் உறங்கிவிட்டாரா என்று குத்திக்காட்டும் பெயரற்ற குறிப்புகள் காணப்பட்டன. வரலாற்று நூலில் இவை மக்கள் எழுதியவை. நாடகத்திலோ அவை பலர் எழுதியவை போலத் தோன்றுமாறு கசியஸே தயாரித்த போலிக் கடிதங்கள். சேக்ஸ்பியர் செய்த இம்மாற்றம் மிக முக்கியமானது. சீசருக்குத் துரோகம் செய்யவிருக்கும் புரூட்டஸ், அதற்கு முன்னரே தம் உறவினரால் ஏமாற்றப்படுகின்றார்.

சீசர் மீது தமக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை என்பதை நாடகத்தில் புரூட்டஸ் தமக்குள்ளே ஒப்புக்கொள்கின்றார். சீசர் இதுவரை கொடுங்கோலராக நடந்துகொள்ளவில்லை என்பதையும் அவர் அறிவார். முடி சூடிய பின் அப்படி மாறக்கூடும் என்ற அச்சமே அவருடைய காரணம். அதாவது, ஒருவர் செய்த குற்றத்துக்காக அன்றி, இனிமேல் செய்யக்கூடிய குற்றத்துக்காக அவருக்கு மரணம் விதிக்கப்படுகின்றது. அவருடைய நியாயத்தில் உள்ள பலவீனம் இதுவே.

கணவர் எதையோ மறைக்கின்றார் என்பதை உணர்ந்த போர்ஷியா, இரகசியத்தைக் காக்கும் உறுதி தமக்கு உண்டென்பதைக் காட்டத் தம் தொடையில் தாமே காயம் செய்துகொண்டார். இச்செய்தி வரலாற்று நூலிலும் நாடகத்திலும் இடம்பெறுகின்றது.

7. மார்ச் 15

சதியில் அறுபதுக்கு மேற்பட்டோர் சேர்ந்தனர். சீசர் மார்ச் 18 ஆம் திகதி கிழக்கு நோக்கிப் போருக்குப் புறப்படவிருந்தார். ஆகவே கி.மு. 44 மார்ச் 15 ஆம் நாள் குறிக்கப்பட்டது. பொம்பி கட்டுவித்த அரங்கத்தோடு இணைந்த மண்டபத்தில் அன்று செனற் சபை கூடியது. மனைவியின் கெட்ட கனவினால் சீசர் வீட்டிலேயே தங்கிவிட எண்ணினார். அவரை இணங்கவைத்து அழைத்து வந்தவர் டெசிமஸ் புரூட்டஸ் என்ற இன்னொரு நண்பர். இவரையும் நம் கதாநாயகரையும் ஒருவராகக் கருதி மயங்கிவிடாதீர்கள்.

மனுக் கொடுப்பவர் போலச் சதிகாரர்கள் சீசரைச் சூழ்ந்தனர். பின்னர் குத்துவாள்கள் உருவப்பட்டன. அவர் உடலில் 23 காயங்கள் காணப்பட்டன. முதலில் எதிர்த்துப் போராடிய சீசர், புரூட்டஸும் வாளுடன் வருவதைக் கண்டதும் அங்கியால் தம் தலையை மூடிக்கொண்டார் என்று ஒரு செய்தி உண்டு. பொம்பியின் சிலையடியிலேயே அவர் வீழ்ந்து இறந்தார். அவர் இறுதியாகக் கூறியதாக உலகமெங்கும் அறியப்பட்ட அந்த இலத்தீன் வாசகம் நாடகத்தின் மூலம் புகழ்பெற்றதே அன்றி, வரலாற்றில் உறுதிப்படுத்தப்பட்ட ஒன்றன்று.

8. மறுநாளுக்குத் திட்டமில்லை

கொலையாளிகள் இரத்தம் தோய்ந்த வாள்களுடன் வீதிக்கு வந்து சுதந்திரம் கிடைத்துவிட்டதாகக் கூவினர். மக்கள் மகிழ்ந்து ஓடிவருவார்கள் என்று எதிர்பார்த்தனர். ஆனால் கடைகள் பூட்டப்பட்டன. வீட்டுக் கதவுகள் அடைபட்டன. சுதந்திரம் எனச் செனற் சபையினர் கருதியது பெரும்பாலும் தம் வகுப்பினரின் உரிமையையே. சீசரிடம் நிலமும் உதவியும் பெற்ற ஏழை மக்களிடம் எவரும் கருத்துக் கேட்டிருக்கவில்லை.

கொலையைத் திட்டமிட்டவர்கள் அதன் பின்னர் செய்ய வேண்டியதைத் திட்டமிடவில்லை. இவ்விடத்தில் புரூட்டஸ் எடுத்த இரண்டு முடிவுகள் அனைத்தையும் மாற்றின.

முதலாவது, அன்ரனியையும் கொல்ல வேண்டும் என மற்றவர்கள் கூறியபோது புரூட்டஸ் மறுத்தார். கொடுங்கோலரை அகற்றுவது நீதி. அவருக்கு நெருங்கியவரையும் கொல்வது படுகொலை என்பது அவருடைய எண்ணம்.

இரண்டாவது, சீசரின் மரணசாதனத்தை வாசிக்கவும் பகிரங்கமாக இறுதிக்கிரியை நடத்தவும் அவர் இணங்கினார். மார்ச் 17 இல் செனற் சபை கொலையாளிகளுக்குப் பொதுமன்னிப்பு வழங்கியிருந்ததால் ஆபத்து நீங்கிவிட்டதென அவர் நம்பினார்.

மரணசாதனம் வாசிக்கப்பட்டது. ஒவ்வொரு குடிமகனுக்கும் 300 செஸ்ரேர்ஸ் பணத்தையும், மக்கள் உலாவுவதற்குத் தம் தோட்டத்தையும் சீசர் விட்டுச் சென்றிருந்தார். கொலைக்கு அழைத்து வந்த டெசிமஸின் பெயர்கூட அடுத்த நிலை வாரிசுகளுள் இருந்தது. இறுதிக்கிரியையில் அன்ரனி பேசி, இரத்தக் கறை படிந்த அங்கியை எடுத்துக் காட்டினார். கூட்டம் கொதித்தெழுந்தது. அங்கிருந்த ஆசனங்களை அடுக்கிச் சீசரின் உடலை நகரின் நடுவிலேயே எரித்தனர். தீப்பந்தங்களுடன் கொலையாளிகளின் வீடுகளை நோக்கி ஓடினர். சின்னா என்ற கவிஞர், அதே பெயருடைய வேறொருவர் என்று தவறாகக் கருதப்பட்டுக் கொல்லப்பட்டார். எவரும் எண்ணிப்பாராத இந்த அப்பாவியின் சாவை நாடகத்தில் சேக்ஸ்பியர் தனிக் காட்சியாகவே அமைத்துள்ளார்.

நாடகத்தில் புரூட்டஸும் அன்ரனியும் அடுத்தடுத்துப் பேசுகின்றனர். புரூட்டஸ் உரைநடையில், காரண காரியங்களை எடுத்துக்கூறிச் சுருக்கமாகப் பேசுகின்றார். மக்கள் தம்மைப் போலவே அறிவினால் முடிவெடுப்பார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. அன்ரனி செய்யுளில், மக்களின் உணர்ச்சியைத் தொட்டுப் பேசுகின்றார். புரூட்டஸுக்கு வாழ்த்துக் கூறி, அவருக்கே முடிசூட்ட வேண்டுமென்று குரல் எழுப்பிய அதே கூட்டம், சற்று நேரத்தில் அவர் வீட்டை எரிக்கப் புறப்படுகின்றது. மன்னராட்சியை ஒழிக்கக் கொலை செய்தவருக்கே முடி சூட்ட மக்கள் முனைந்தனர் எனின், அவர்கள் அவருடைய நோக்கத்தைச் சற்றும் விளங்கிக்கொள்ளவில்லை என்பது தெளிவு.

9. பிலிப்பியில் முடிவு

புரூட்டஸ் ஏப்ரல் மாதத்தில் உரோம் நகரை விட்டும், ஓகஸ்ட் மாதத்தில் இத்தாலியை விட்டும் வெளியேறினார். சீசரின் வளர்ப்பு மகனாக அறிவிக்கப்பட்ட ஒக்ரேவியனுக்கு அப்போது 18 வயது. கி.மு. 43 இல் ஒக்ரேவியன், அன்ரனி, லெப்பிடஸ் ஆகிய மூவரும் கூட்டாட்சி அமைத்தனர். கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்ப்பட்டியலை வெளியிட்டனர். சீசர் தம் எதிரிகள் பலரை மன்னித்தவர், இம்மூவரோ மன்னிக்கவில்லை. சதியில் பங்குகொள்ளாத முதியவர் சிசெரோவும் அவ்வாண்டு டிசெம்பர் 7 இல் கொல்லப்பட்டார்.

கிழக்கில் புரூட்டஸும் கசியஸும் படை திரட்டினர். போருக்குப் பணம் தேவைப்பட்டது. நகரங்கள் கசக்கிப் பிழியப்பட்டன. லிசியா நாட்டின் சாந்தோஸ் நகரை புரூட்டஸின் படை முற்றுகையிட்டபோது, அடிபணிய விரும்பாத மக்கள் பெருந்தொகையாகத் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டனர். புரூட்டஸ் கண்ணீர் விட்டார் என்பர். ஆனால் சுதந்திரத்தின் பெயரால் நடந்த போரிலேயே அந்நகரம் அழிந்தது.

இக்காலத்தில் புரூட்டஸ் வெளியிட்ட ஒரு நாணயம் மிகப் புகழ்பெற்றது. அதன் ஒரு பக்கத்தில் இரண்டு குத்துவாள்களும், அவற்றுக்கு நடுவே விடுதலை பெற்ற அடிமை அணியும் தொப்பியும், கீழே மார்ச் 15 ஐக் குறிக்கும் எழுத்துகளும் உள்ளன. மறுபக்கத்தில் இருப்பது புரூட்டஸின் சொந்த முகம். உயிரோடிருக்கும் போதே நாணயத்தில் முகம் பொறித்தமை சீசர் மீது சுமத்தப்பட்ட குறைகளுள் ஒன்று என்பதை நினைத்துப் பாருங்கள். இரண்டே ஆண்டுகளில் புரூட்டஸும் அதையே செய்தார்.

கி.மு. 42 ஒக்ரோபரில் மசிடோனியாவின் பிலிப்பி என்ற இடத்தில் ஏறத்தாழ மூன்று வார இடைவெளியில் இரண்டு போர்கள் நடந்தன. முதற் போரில் புரூட்டஸ் ஒக்ரேவியனின் படையைத் தோற்கடித்தார். மறுபுறத்தில் கசியஸ் அன்ரனியிடம் தோற்றார். புரூட்டஸும் தோற்றுவிட்டார் எனத் தவறாக எண்ணிய கசியஸ், தம் உதவியாளரின் கையால் உயிர் துறந்தார். இரண்டாம் போரில் புரூட்டஸ் தோல்வியுற்றார். எஞ்சிய சில நண்பர்களிடம் விடைபெற்றுத் தம் வாளில் வீழ்ந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 43. அன்ரனி அவருடைய உடலைத் தம் விலைமதிப்புள்ள மேலங்கியால் போர்த்தி, மரியாதையுடன் தகனம் செய்வித்ததாகக் கூறப்படுகின்றது.

அதன் பின்னர் அன்ரனியும் ஒக்ரேவியனும் மோதினர். கி.மு. 31 இல் ஒக்ரேவியன் வென்றார். கி.மு. 27 இல் ஒகஸ்ரஸ் என்ற பட்டத்துடன் உரோமின் முதலாவது பேரரசரானார். சீசர் முடி சூடிவிடக் கூடாதென்று கொலை செய்தார் புரூட்டஸ். பதினேழு ஆண்டுகளில் சீசரின் வாரிசே நாட்டின் தனித் தலைவரானார். குடியரசு மீளவே இல்லை.

10. வரலாற்றிலிருந்து மேடைக்கு

கிரேக்க அறிஞர் புளூட்டாக் எழுதிய வாழ்க்கை வரலாறுகளைத் தோமஸ் நோர்த் என்பவர் 1579 இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதனை ஆதாரமாகக் கொண்டு சேக்ஸ்பியர் இந்நாடகத்தை 1599 அளவில் எழுதினார். அவ்வாண்டு செப்ரெம்பரில் லண்டனில் அது மேடையேறியதைச் சுவிற்சர்லாந்துப் பயணி ஒருவர் பார்த்துக் குறித்து வைத்துள்ளார். அப்போது எலிசபெத் அரசியார் முதுமையடைந்திருந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அடுத்து ஆட்சி யாருக்கு, உள்நாட்டுப் போர் மூளுமா என்ற அச்சம் ஆங்கில மக்களிடம் இருந்தது. அதனால் இவ்வுரோமக் கதை அவர்களுக்கு அந்நியமானதாகத் தோன்றியிராது.

பிற்காலத்திலும் அரசியல் மாற்றம் நிகழும் நாடுகளில் இந்நாடகம் கருத்தோடு வாசிக்கப்பட்டது. தன்சானியாவின் தலைவர் யூலியஸ் நைரேரே இதனைச் சுவாகிலி மொழியில் பெயர்த்து 1963 இல் வெளியிட்டார். தென்னாபிரிக்காவின் றொபன் தீவுச் சிறையில் சேக்ஸ்பியரின் நூல் ஒன்று கைதிகளிடையே கைமாறியபோது, நெல்சன் மண்டேலா இந்நாடகத்தின் ஒரு பகுதிக்கு அருகிலேயே 1977 இல் கையொப்பமிட்டார். சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழில் ஆராய்ந்து அறிமுகஞ் செய்த முன்னோடிகளுள் நம் நாட்டின் சுவாமி விபுலாநந்தரும் ஒருவர். அவருடைய 'மதங்க சூளாமணி' 1926 இல் வெளிவந்தது.

11. புரூட்டஸை எவ்வாறு மதிப்பிடுவது?

இத்தாலியக் கவிஞர் தாந்தே, புரூட்டஸை நரகத்தின் அடித்தளத்தில், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசுக்கு அருகில் வைத்தார். நாடகத்தின் இறுதியிலோ எதிரியான அன்ரனியே, சதிகாரருள் பொறாமையின்றிப் பொதுநன்மைக்காகச் செயற்பட்டவர் அவர் ஒருவரே எனப் பாராட்டுகின்றார். இவ்விரு தீர்ப்புகளில் எது சரி?

துரோகமே என்போர் கூறுவன: சீசர் அவருக்கு உயிரும் பதவியும் அளித்தார். நண்பர் என்ற நம்பிக்கையே சீசரை அணுகுவதற்கு வழியாயிற்று. செய்யாத குற்றத்துக்குத் தண்டனை கொடுக்கப்பட்டது. விசாரணை இல்லை, மக்களின் சம்மதமும் இல்லை.

நாட்டுப்பற்றே என்போர் கூறுவன: அவருக்குச் சொந்த இலாபம் எதுவுமில்லை. ஒரே மனிதரின் ஆட்சி சட்டத்தை விழுங்கிவிடும் என்ற அச்சம் வீணானதன்று. அன்ரனியை உயிரோடு விட்டதும் பேச அனுமதித்ததும் அவர் கொலைவெறி கொண்டவர் அல்லர் என்பதைக் காட்டுகின்றன.

விடை எழுதும்போது இருபக்க நியாயத்தையும் நாடக நிகழ்ச்சிகளைச் சான்றாகக் காட்டி எழுதி, பின்னர் உங்கள் முடிவைக் கூறுங்கள். ஒன்றை மட்டும் மறவாதீர்கள். புரூட்டஸின் வீழ்ச்சிக்குக் காரணம் அவருடைய தீய குணம் அன்று. தம் நோக்கம் தூயது, ஆகவே தாம் தேர்ந்த வழியும் தூயதாகிவிடும் என்ற அவருடைய நம்பிக்கையே காரணம். கொலையை ஒரு பலியைப் போலப் புனிதமாகச் செய்துவிடலாமென அவர் எண்ணினார். ஆனால் முதற் குத்து விழுந்த பின் அடுத்தடுத்து நடந்தவை எவையும் அவர் கட்டுப்பாட்டில் இருக்கவில்லை. நல்லவர்கள் அரசியலில் வன்முறையைத் தேர்ந்தெடுக்கும்போது நேர்வதையே இந்நாடகம் நம்முன் வைக்கின்றது.

நினைவிற் கொள்க

கி.மு. 85 அளவில்: புரூட்டஸ் பிறப்பு
கி.மு. 49: சீசர் ரூபிக்கொன் ஆற்றைக் கடத்தல்
கி.மு. 48: பார்சாலஸ் போர், புரூட்டஸுக்கு மன்னிப்பு
கி.மு. 44 மார்ச் 15: சீசர் கொலை
கி.மு. 42: பிலிப்பிப் போர்கள், புரூட்டஸ் மரணம்
கி.மு. 27: ஒகஸ்ரஸ் பேரரசராதல்

பயிற்சி வினாக்கள்

1. சதிகாரருக்குப் புரூட்டஸின் பங்களிப்பு ஏன் அவசியமாயிற்று?
2. போலிக் கடிதங்கள் தொடர்பாக வரலாற்றுக்கும் நாடகத்துக்கும் உள்ள வேறுபாடு யாது? அம்மாற்றத்தினால் சேக்ஸ்பியர் பெற்ற பயன் என்ன?
3. புரூட்டஸ், அன்ரனி ஆகிய இருவரின் உரைகளையும் நோக்கம், மொழிநடை, விளைவு என்பவற்றின் அடிப்படையில் ஒப்பிடுக.
4. கவிஞர் சின்னாவின் கொலை நாடகத்தின் கருப்பொருளை எவ்வாறு வலுப்படுத்துகின்றது?
5. புரூட்டஸ் சீசருக்குத் துரோகம் செய்தார். ஆனால் குடியரசுக்கு அவர் உண்மையாக இருந்தார் என்ற கருத்தை நீர் ஏற்றுக்கொள்கின்றீரா? நாடகச் சான்றுகளுடன் விளக்குக.